கரண்டண்ணையின் படலை

குருநகரில் கடவுளை நம்பாதவர்கள்கூட இரண்டொருவர் இருந்தார்கள். ஆனால் மின்சாரத்தை நம்பியவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கரண்டண்ணை.

வளைகுடா நாட்டில் வீட்டு மதில் வாசல்களுக்குத் தானாகத் திறக்கும் படலைகள் பூட்டிய எஞ்சினியர். ஊர் திரும்பியதும், வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் வீட்டில் மோட்டர் வைத்து ஓர் இரும்புப் படலை பூட்டினார். அடுத்த மாதமே சண்டையில் யாழ்ப்பாணம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மனுசன் அசரவில்லை. சனிக்கிழமை தவறாமல் வந்து மோட்டரைக் கழற்றித் துடைத்தார். கிறீஸ் கிடைக்காததால் படலை உருளும் சில்லுகளுக்குச் சுறா எண்ணெய் போட்டார். குருநகர்ப் பூனைகள் அத்தனையும் அங்கேயே குடியிருந்தன.

"கரண்டே இல்லை, உதுக்கேன் எண்ணெய்?" என்று சம்மாட்டியார் கத்துவார்.

"கரண்ட் வராட்டி அது அவங்கடை பிழை. வந்தவுடனை படலை திறக்காட்டி அது என்ரை பிழை."

பிறகு யாழ்ப்பாணத்துக்கு இரும்பு கொண்டுவரவும் அரசாங்கம் தடை போட்டது; வள்ளங்களுக்கு நங்கூரம் கிடைக்கவில்லை. சம்மாட்டியாரின் கண் படலையில் விழுந்தது.

"மகளின்ரை கலியாணத்தண்டு உது தானாத் திறக்கவேணும். இல்லாட்டி அடுத்தநாள் வெட்டி நங்கூரம் அடிப்பன்."

"திறக்கும்," என்றார் கரண்டண்ணை.

அப்போது நாங்கள் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். கலியாணத்தன்று மதிலுக்குப் பின்னால் ஒரு பட்டாளமே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஏறியிருந்தோம். எல்லா டைனமோ வயரும் மோட்டருக்குப் போனது. முதல் சைக்கிளில் கரண்டண்ணை. வேதக் கோயிலால் மாப்பிள்ளை பொம்பிளையின் கார் வந்தது. மிதித்தோம். படலை முனகி, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு நகர்ந்து, நின்றுவிட்டது.

"நங்கூரத்துக்கு அளவெடுக்கட்டோ?" என்றார் சம்மாட்டியார்.

"மோட்டருக்கு ஒண்டுமில்லை. பெடியளுக்குப் பசி!" மூச்சு வாங்கியபடி கரண்டண்ணை மிதித்தார்.

காரிலிருந்து பொம்பிளை இறங்கினாள். அந்த இடைவெளியால் நுழைந்து வந்து, வெள்ளைச் சேலையைச் செருகிக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த தகப்பனின் சைக்கிளை இழுத்தாள்.

"அப்பா, நங்கூரம் பிறகு. அண்ணை, வயரைக் குடுங்கோ!"

மாப்பிள்ளையும் கோட்டைக் கழற்றிவிட்டு என்னை இறக்கி என் சைக்கிளில் ஏறினார். படலை முழுசாகத் திறந்தது. கார் வெறுமையாக உள்ளே வந்தது. சம்மாட்டியார் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். அடுத்த சனிக்கிழமை படலைக்குச் சுறா எண்ணெய் வழமைபோல வந்தது.

இப்போது நான் இருக்கும் ஊரில் படலைகள் எல்லாம் தானாகத்தான் திறக்கின்றன. எனக்கு நம்பிக்கையில்லை. மதிலுக்குப் பின்னால் கரண்டண்ணை மிதிக்கிறார் என்றே தோன்றும். பாவம், மனுசன் களைத்துப்போகும் என்று ஓடி உள்ளே போய்விடுவேன்.