ஏழாவது விதி

சப்பாத்தின் அடி கழன்று விழுந்தபோது மணி எட்டு நாற்பது. இன்டர்வியூ ஒன்பதுக்கு.

விழுந்தது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். உதிர்ந்தது. கிறிஸ்டின் காரிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தாள். செனாய் தொழிற்பேட்டையின் தார் ரோட்டில், அவள் காலுக்குப் பின்னால் கருகின ரொட்டித் தூள் மாதிரி ஒரு கோடு விழுந்தது. ஐந்தாவது எட்டில் வலது சப்பாத்தின் அடிப்பாகம் முழுசாக ரோட்டிலேயே தங்கிவிட்டது.

"அப்பா! சப்பாத்து!"

சந்தனசாமி ஓடிவந்து குனிந்து எடுத்தார். கையில் பட்டதும் கேக் மாதிரிப் பிய்ந்தது.

"புதுசுதானே லா இது?"

"புதுசுதான்பா. அஞ்சாம் பாரம் முடிச்சப்போ வாங்கினது. நல்ல நாளுக்குப் போடலாம்னு அம்மா பெட்டியிலயே வெச்சிருந்தாங்க."

இந்த நாட்டுப் புழுக்கத்தில் போட்டுத் தேய்க்கிற சப்பாத்து பத்து வருஷம் வரும். போடாமல் பூட்டி வைத்த சப்பாத்து நாலே வருஷத்தில் பெட்டிக்குள்ளேயே செத்துப்போகும். இதை எந்தக் கடைக்காரனும் சொல்லமாட்டான். சொன்னால் அவன் பிழைப்பது எப்படி?

சந்தனசாமி முப்பத்தோரு வருஷம் செம்பனை லாரி ஓட்டிய மனிதர். யாரையும் நம்பாதவர். வானொலி சொல்லும் மணியைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொள்வார். கைக்கடிகாரத்தையும் முழுசாக நம்புவதில்லை. வேலை என்று கூட்டிப் போய்ப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட கதைகள் அவருக்கு நாலைந்து தெரியும். அதனால்தான் மகளைப் பஸ்ஸில் அனுப்பாமல், பாலோவிலிருந்து தானே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பதினோரு கம்பெனிக்கு எழுதிப் போட்டு, கூப்பிட்டது இது ஒன்றுதான். இதுவும் கைவிட்டுப் போனால் அடுத்த வாரம் கூட்டாளிகளோடு சிங்கப்பூருக்குப் போய்விடுவதாக மகள் சொல்லிவிட்டாள். விடியுமுன்னே எழுந்து பாலத்தில் வரிசை நின்று, வீட்டையே மறந்துபோன பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். மகள் இங்கேயே இருக்கவேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் வாயைத் திறந்து சொல்லமாட்டார்.

"காடியில கம் இருக்கு. குடு இப்படி" என்று கார்க் கதவைத் திறந்தார்.

"அப்பா, யாராச்சும் பார்க்கப் போறாங்க. ஏழாவது விதி!"

அந்த ஏழாவது விதிதான் அவருக்குப் பிடிக்காதது. படித்து முடித்து வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் காலேஜில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். பத்து விதி. வெள்ளைச் சட்டை போடு. கறுப்புச் சப்பாத்து போடு. கண்ணைப் பார்த்துப் பேசு. கையைப் பிடித்தால் அழுத்திப் பிடி. ஏழாவது: இன்டர்வியூவுக்குப் பெற்றோரைக் கூட்டி வராதே; சொந்தக் காலில் நிற்கத் தெரியாதவர் என்று நினைப்பார்கள்.

"காலுக்குக் கீழ சப்பாத்தே நிக்கல, இதுல சொந்தக் காலாம்" என்று முனகிக்கொண்டே சூப்பர் குளூவைப் பிதுக்கினார். சர்ட்டிபிகேட் ஃபைலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் வேலை பார்த்தார். கம் உதிர்ந்த தூளில் ஒட்டவில்லை. வேறு எங்கெல்லாமோ ஒட்டியது. பிறகு டிக்கியிலிருந்து கறுப்பு வயர் டேப்பை எடுத்து, லாரி டயருக்குச் சங்கிலி கட்டுகிற மாதிரி இரண்டு சப்பாத்தையும் சுற்றிச் சுற்றிக் கட்டினார்.

"போ. ராணுவமே போகலாம் இதைப் போட்டுக்கிட்டு."

"ஃபைலைக் குடுங்கப்பா."

அவர் நீட்டினார். அவள் இழுத்தாள். ஃபைல் வரவில்லை. அவருடைய வலது கட்டைவிரல் அதோடு ஒட்டிக்கிடந்தது.

"அலமாக்! அப்பா!"

"இழுக்காத! தோலு வந்துரும்!"

மணி எட்டு ஐம்பத்தைந்து. கிறிஸ்டின் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். "நான் உள்ள போறேன். நீங்க எப்படியாச்சும் பிச்சு எடுத்து கேட்டுல நிக்கிற ஜாகாகிட்ட குடுத்துட்டுப் போயிடுங்க. என் அப்பான்னு மட்டும் சொல்லாதீங்க!"

போனாள். டேப் ஒவ்வொரு எட்டுக்கும் 'சர்க், சர்க்' என்று ரோட்டில் ஒட்டிப் பிரிந்தது.

சந்தனசாமி எச்சிலைத் தடவினார். குடிதண்ணீரை ஊற்றினார். அந்தோணியாரையும் கூப்பிட்டுப் பார்த்தார். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அந்தோணியாருக்கு, ஒட்டியதைப் பிரிக்கிற வேலை பழக்கமில்லை போலும். வேறு வழி இல்லை. விரலோடு ஃபைலைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

ஜாகா வேலை பார்க்கிற சுகுமாறன் எழுந்து நின்றான். "என்னா அங்கிள்? யாரைப் பார்க்கணும்?"

"நான் வந்து... என் ம..." நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏழாவது விதி.

சுகுமாறன் ஃபைலைப் பார்த்தான். கேட்டில் கட்டியிருந்த துணியைக் காட்டினான். இன்று நேர்முகத் தேர்வு. தரச்சோதனை டெக்னீசியன், வேன் டிரைவர் தேவை என்று எழுதியிருந்தது. "இன்டர்வியூவா? டிரைவரா?"

முப்பத்தோரு வருஷம் டிரைவராக இருந்தவர் ஆமாம் என்று சொன்னால் அது பொய்யில்லை. "ஆமா. டிரைவர்" என்றார்.

"ஐசி குடுங்க. இந்த பாஸை மாட்டிக்கிட்டு உள்ள போங்க."

அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் நினைத்தது சரிதான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

காத்திருக்கிற அறையில் ஒரு பக்கம் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, இன்னொரு பக்கம் கோப்பி கலக்குகிற மேசை. கிறிஸ்டின் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

"இங்க என்ன பண்றீங்க?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"வேலை கேட்டு வந்திருக்கேன். நீ யாரும்மா?" என்றார் சுவரிடம்.

கோப்பி மேசையில் வேலையாக இருந்த பேச்சியம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். அறுபதை நெருங்கிய வயசு, கம்பெனிச் சட்டை, எதையும் தப்பவிடாத கண். வாசலிலிருந்து கிறிஸ்டினின் நாற்காலிவரை கறுப்புத் தூள்.

"யாரு இது, கேக்கைச் சிந்திக்கிட்டு வந்தது?"

கிறிஸ்டின் காலை உள்ளே இழுத்தாள். சந்தனசாமி எழுந்தார். "என் சப்பாத்துதான்."

பேச்சியம்மாள் அவர் காலைப் பார்த்தாள். நீல வார் போட்ட ஜப்பான் சிலிப்பர்.

"சிலிப்பர் இப்படி உதிருமாண்ணே?"

"உதிரும். பழசு."

சொன்னதை மெய்யாக்க வேண்டுமே. கிறிஸ்டினின் காலை மறைத்தபடி குனிந்து, அந்த ஃபைலாலேயே தூளைக் கூட்டினார். தூள் அறை முழுக்கப் பரவியது. பேச்சியம்மாள் அப்பாவை ஒரு தடவை பார்த்தாள், மகளை ஒரு தடவை பார்த்தாள். கோப்பி மேசைக்குத் திரும்பிப் போனாள்.

உள்கதவு திறந்தது. முப்பத்தைந்து வயசு இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. மேனேஜர் ரூபேந்திரன். அவர் வாயைத் திறக்குமுன் பேச்சியம்மாள் ஒரு தட்டோடு குறுக்கே போய் நின்றாள்.

"சார், காலையில பசியாறல. மொதல்ல இதைச் சாப்பிடுங்க."

"அப்புறம் அக்கா. ஆளுங்க காத்திருக்காங்க."

"ஆளுங்க எங்கயும் ஓடமாட்டாங்க."

அவள் நகரவில்லை. மேனேஜர் தட்டை வாங்கிக்கொண்டார். சந்தனசாமிக்கு மனசு விட்டுப்போனது. கோப்பி கலக்குகிறவள் மேனேஜரை மிரட்டுகிற கம்பெனி உருப்படுமா?

"டிரைவர் மொதல்ல வாங்க, அங்கிள்."

உள்ளே போனார். மேனேஜர் கையை நீட்டினார். அழுத்திப் பிடி என்பது விதி. வலது கையில் ஃபைல். இடது கையைக் கொடுப்பது மரியாதைக் குறைச்சல். சந்தனசாமி ஃபைலையே நீட்டினார். மேனேஜர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு ஃபைலின் மூலையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஃபைலைப் பார்க்கலாமா?"

"நீங்களே பிரிச்சுக்குங்க. எனக்குக் கை வலி."

மேனேஜர் சாய்ந்து பிரித்தார். "தரக்கட்டுப்பாட்டுல டிப்ளோமா. பேட்மின்டன்ல ரெண்டாம் இடம். பொண்ணுங்க ஹாஸ்டல்ல தலைவி." நிமிர்ந்தார். "அங்கிள் பேரு கிறிஸ்டினா?"

வியர்த்துவிட்டது. "அது... வழியில கிடந்துச்சு சார். கொண்டாந்தேன்."

"உங்க கையோட ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சா?"

"ஆமா."

"சரி. டிரைவர் வேலையைப் பத்தி எதாச்சும் கேக்கணுமா?"

இதற்காகத்தான் அவர் ஆறு நாளாக மனசுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தார். "பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்குவீங்களா? பொம்பளப் புள்ளைங்க ஷிப்ட் முடிஞ்சு எப்படி வீடு போவாங்க? மேல இருக்கிறவங்க கெட்ட வார்த்தையில திட்டுவாங்களா? உடம்புக்கு முடியலன்னா மருந்து வாங்க விடுவீங்களா?"

"வேன் டிரைவருக்கு எதுக்கு அங்கிள் இதெல்லாம்?"

"வேன்ல வர்றவங்க கேப்பாங்க இல்ல?"

மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். பாஸ்போர்ட் யாரிடமும் வாங்குவதில்லை. பதில்கள் நன்றாகவே இருந்தன. அதனாலேயே சந்தனசாமிக்குச் சந்தேகம் கூடியது. பிறகு மேனேஜர் கதவைத் திறந்து, "கிறிஸ்டின், நீங்களும் உள்ள வாங்க" என்றார்.

சர்க், சர்க் என்று வந்தாள்.

"இந்த அங்கிள் உங்க ஃபைலை ரோட்டுல கண்டெடுத்தாராம்."

கிறிஸ்டின் கண்ணைப் பார்த்துப் பேசினாள். "ரொம்ப நன்றி, அங்கிள்."

"பரவாயில்லமா" என்றார் பெற்ற தகப்பன்.

மேனேஜர் கேட்டிலிருந்து வந்த அடையாள அட்டையையும் கிறிஸ்டின் எழுதிப் போட்ட விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டுலயும் ஒரே வீட்டு நம்பரு."

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாலோ சின்ன ஊரு சார்" என்றார் சந்தனசாமி. "நெருக்கமா இருப்போம்."

மேனேஜர் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. கோபம் என்று சந்தனசாமி முடிவு செய்தார். எல்லாம் போயிற்று. தன்னால்தான் போயிற்று. பஸ்ஸில் அனுப்பியிருந்தால், கம்மைத் தொடாமல் இருந்திருந்தால், பிள்ளைக்கு வேலை கிடைத்திருக்கும். இனி அவள் பாலத்து வரிசையில் நிற்பாள்.

மேனேஜர் திரும்பினார். முகம் சரியாகியிருந்தது. "கிறிஸ்டின், ஒரே கேள்வி. உங்க சப்பாத்துக்கு என்னா ஆச்சு?"

அவள் உதட்டைக் கடித்தாள். பத்து விதியில் எதிலும் இதற்குப் பதில் இல்லை. என்ன தோன்றியதோ, டேப்பைச் சரசரவென்று பிய்த்தாள், சப்பாத்தைக் கழற்றினாள், மேனேஜரின் மேசைமேலேயே வைத்தாள். சந்தனசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"தையல் நல்லா இருக்கு, சார். மேல்தோலும் நல்லா இருக்கு. அடியில இருக்கிற ஃபோம் மட்டும் போயிடுச்சு. உழைச்சுத் தேயல. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளயே உடைஞ்சிருக்கு. கடையில பார்த்தா தெரியாது, வாங்கின அன்னிக்கு டெஸ்ட் பண்ணாலும் பாஸ் ஆகும். செஞ்ச தேதி பெட்டியில இருந்திருந்தா நாங்க பூட்டி வெச்சிருக்கமாட்டோம்." மூச்சு வாங்கினாள். "உங்க கம்பெனியில ஏர்கானுக்கு ஃபோம் பட்டை செய்யறீங்க. ஸ்டோர்ல பழசை மொதல்ல அனுப்புறாங்களா சார்? இல்லன்னா அதுவும் இப்படித்தான் உதிரும்."

மேனேஜர் சப்பாத்தை எடுத்தார். விரலால் நசுக்கினார். தூளைப் பார்த்தார். சப்பாத்தை மேசைமேல் வைத்துவிட்டாளே என்று சந்தனசாமிதான் பதறினார். அந்த ஆளுக்கு அது உறைக்கவேயில்லை.

"போன மாசம் ஒரு லோடு திரும்பி வந்துச்சு. ஏன்னு ரெண்டு பேரு இன்னும் ரிப்போர்ட் எழுதிக்கிட்டு இருக்காங்க" என்றார் மெதுவாக. "திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க. சப்பாத்து நாங்களே குடுப்போம்."

கிறிஸ்டின் ஒற்றைச் சப்பாத்தோடு நின்று சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம்.

"அங்கிள், லைசென்ஸ் நெஜமாவே இருக்கா?"

"இருக்கு சார். ஏன்?"

"பாலோ, குளுவாங் பக்கம் வேன் ஓட்ட ஆள் இல்லாம நாலு பொண்ணுங்க வேலையை விட்டு நின்னுட்டாங்க. நீங்க ஓட்டுறீங்களா? கிறிஸ்டினும் அந்த வேன்லயே வரட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களுக்குப் பழக்கமில்லாத பொண்ணுதான். பரவாயில்லையா?"

"பழகிக்கலாம் சார்."

வெளியே வந்ததும் பேச்சியம்மாள் ஒரு கிண்ணத்தில் சமையல் எண்ணெய் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, விரலுக்கும் ஃபைலுக்கும் நடுவில் எண்ணெயை விட்டுத் தேய்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கிறிஸ்டின் கேட்டருகில் சுகுமாறனிடம் பாஸைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுக்கு உங்க மூக்குதாண்ணே."

"எந்தப் பொண்ணு?"

"நடிச்சது போதும். கூட்டுற சாக்குல அந்தப் புள்ள காலை மறைச்சப்பவே தெரிஞ்சுபோச்சு."

சந்தனசாமி குரலைத் தாழ்த்தினார். "சத்தமா பேசாதம்மா. பெத்தவங்க துணைக்கு வரக்கூடாதாம், காலேஜ்ல தாளே குடுத்திருக்காங்க. மேனேஜருக்குத் தெரிஞ்சா புள்ள வேலை போயிடும்."

பேச்சியம்மாள் அவர் விரலைத் துணியால் துடைத்துவிட்டாள். உள்ளே திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர், தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் வாயைத் தொறக்கமாட்டாண்ணே. அவன் மொத இன்டர்வியூவுக்குத் துணைக்கு வந்து, கேட்டுல மாட்டிக்கிட்டு, 'கிளீனர் வேலைக்கு வந்தேன்'னு சொல்லி உள்ள வந்தவதான் நானு. பதிமூணு வருசமா பெத்த புள்ள என்னை அக்கான்னுதான் கூப்பிடறான்!"