வாத்து அடைகாத்த விண்ணப்பம்

ஒரு பறவை பயமில்லாமல் முட்டையிட ஏற்ற இடம் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நாணல் புதர், மரப்பொந்து என்பீர்கள். சதுப்புநிலப் பூங்காவின் காட்டு வாத்து ஒன்று நம்மைவிட விவரமானது. ஏரி முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடி உடைந்த ஜன்னல் வழியாகப் பூங்கா அலுவலகத்துக்குள் புகுந்து, 'உடனடி நடவடிக்கைக்கு' என்று எழுதியிருந்த காகித அடுக்கின் மேல் எட்டு முட்டை இட்டது.

அந்த அடுக்கின் நடுவில்தான் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கேட்டு படகுக்காரி கொடுத்த விண்ணப்பம் இருந்தது. சுற்றுலாப் படகு ஓட்டும் லைசென்ஸ் மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குமேல் துடுப்பைத் தொட்டால் படகு பறிமுதல். வீட்டு அடுப்போ படகை நம்பித்தான் எரிகிறது. கேட்கப் போனவளிடம் கிளார்க் வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

"மெல்லப் பேசும்மா, அடைகாக்குது."

"என் காகிதத்தை மட்டும் உருவிக் குடுங்க சார்."

"கூட்டைக் கலைச்சா ஜெயிலு."

"வாத்து வர்றதுக்கு முன்னாடியும் ஆறு மாசமா உருவலையே?"

"அது வரும்னு தெரிஞ்சுதான் இடம் விட்டு வெச்சிருந்தோம்."

சேதி மேலிடத்துக்குப் போனது. 'காகிதங்களை அசைக்காமல் உயிரினம் காத்த முன்மாதிரி அலுவலகம்' என்று பாராட்டுக் கடிதம் வந்தது. பக்கத்து அலுவலகங்களில் எல்லாம் கோப்புகள் மேல் வைக்கோல் பரப்பிக் காத்திருந்தார்கள். அதுதான் அந்த வருஷத்து நாகரிகம். பூங்காவுக்கு வந்தவர்கள் ஏரியை விட்டுவிட்டுக் காகித அடுக்கோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மாதம் முடிந்த மறுநாள் பெரிய அதிகாரியே வந்தார். ஏரியைப் பார்க்க வேண்டும் என்றார். லைசென்ஸ் முடிந்துபோச்சு என்று படகுக்காரி சொல்லியும் கேட்காமல் அவரே ஏறி உட்கார்ந்தார். சுற்றிக் காட்டினாள். கரையேறிக் கால் துடைத்ததும், லைசென்ஸ் இல்லாமல் படகு ஓட்டியதை நேரில் கண்டதாக அவள்மேல் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் குஞ்சுகள் பொரிந்து, தாயோடு தண்ணீருக்குப் போய்விட்டன. படகுக்காரி நம்பிக்கையோடு ஓடினாள். இனி அந்த அடுக்கை யாரும் எப்போதும் தொடக்கூடாது, அடுத்த வருஷமும் வாத்து வரும் என்று உத்தரவு வந்திருப்பதாக கிளார்க் சொன்னார். கையில் அவள்மேல் வந்த புகாரை வைத்திருந்தார். ஏழு நாளில் பறிமுதல்.

படகுக்காரி புகாரைப் பார்த்தாள். அடுக்கைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், அதையும் அந்த அடுக்குலயே வெச்சிடுங்களேன். முடிஞ்சா, நல்லா அடியில."