அனுபவத்தில் சொல்கிறேன்

கேள்வி முடியுமுன் பதிலோடு நிற்கிற ஓர் இனம் உண்டு. பஸ்ஸில், சாவு வீட்டில், கல்யாணப் பந்தியில் இவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டாயிரத்தெட்டில் இவர்கள் கம்பியூட்டருக்குள்ளும் குடியேறிவிட்டார்கள். அங்கே வசதி அதிகம். பதில் சொன்னவர் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

உதயராஜைப் பாருங்கள். இலங்கையின் ரப்பர் தோட்ட ஊரான கஹவத்தையில், பஸ் நிலையத்துக்கு எதிரே போன் திருத்துகிற சின்னக் கடை. வகுப்புக்குப் போய்ப் படித்தவனில்லை. மதுரை, மட்டக்களப்பு, துபாய் என்று சிதறிக் கிடக்கிற போன் திருத்துகிறவர்கள் இணையத்தில் கூடுகிற ஒரு பக்கத்தில், பக்கத்து நெட் கடையில் உட்கார்ந்தபடியே தொழில் கற்றான். அதில் தப்பில்லை. கற்றதோடு நின்றானா? கையால் தொட்டிராத போனுக்கும் வைத்தியம் சொன்னான். ஒவ்வொரு பதிலையும் ‘அனுபவத்தில் சொல்கிறேன்’ என்றே தொடங்கினான். பதில் பெருகப் பெருகப் பெயருக்குக் கீழே நட்சத்திரம் முளைத்தது. ஐந்தாவது முளைத்த அன்று பெயரையே ‘மாஸ்டர்’ என்று மாற்றிக்கொண்டான். போனில் சீனிப்பாகு கொட்டிவிட்டது என்று எவனோ அழுதபோது, “தேசிக்காய்ச் சாற்றில் ஊறவையுங்கள், எந்தப் பிசுபிசுப்பும் போகும்” என்று எழுதியதும் அவன்தான். அவன் வீட்டில் தேசிக்காயில் ஊறியது ஊறுகாய் மட்டும்தான்.

ஒருநாள் ரப்பர் பால் வெட்டுகிற அன்னலட்சுமி வந்தாள். குனிந்தபோது இடுப்பிலிருந்த போன் பால் வாளிக்குள் விழுந்துவிட்டது.

“தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன் தம்பி, உசிரு வரமாட்டேங்குது. குவைத்துக்குப் போறப்ப தங்கச்சி பாடி வச்ச தாலாட்டு இதுலதாங்க இருக்கு. அது கேக்காம அவ புள்ள தூங்காது.”

“ஹரி, ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொன்னான். “வச்சிட்டுப் போங்கக்கா. இதெல்லாம் நமக்கு ஒரு வேலையா?”

பாலில் விழுந்த போனை அவன் கண்டதே இல்லை. இணையத்தில் கேட்கலாம். ஆனால் மாஸ்டர் கேட்கலாமா? ‘புதியவன்’ என்று இன்னொரு பெயர் வைத்துக்கொண்டு கேட்டான். மதுரைக்காரர் ஒருவர் உடனே எழுதினார்: “எலுமிச்சைச் சாற்றில் ஊறவையுங்கள். பெரிய ஆள் ஒருவர் செய்து பார்த்த முறை. நானும் அனுபவத்தில் சொல்கிறேன்.” கீழே வரிசையாக நன்றிகள். தேசிக்காய்க்கு மதுரையில் எலுமிச்சை என்று பெயர். உதயராஜுக்கு எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. உண்மை என்றால் எங்கும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

புளிப்புப் பட்டால் ரப்பர் பால் உறைந்துபோகும் என்பது கஹவத்தையில் யாருக்குத் தெரியாது? அவன் அப்பாவே தோட்டத்து ஸ்டோரில் பாலுக்கு அசிட் கலந்தவர். என்ன செய்ய? அப்பாவுக்கு நட்சத்திரம் இல்லை. போனைச் சாற்றில் ஊறப்போட்டான். மாலையில் போனின் ஒவ்வோர் ஓட்டையிலும் வெள்ளை ரப்பர் பிடித்துக்கொண்டு நின்றது.

அன்னலட்சுமி அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

“தேசிக்காயா தம்பி? நல்லாத்தான் ஒறஞ்சிருக்கு. மிசின்ல குடுத்து ரப்பர் ஷீட் அடிச்சிருவோமா?”

“இல்லக்கா, அது வந்து... செட்டே பழைய மாடல்...”

“பாட்டு?”

உதயராஜ் ஸ்குரூடிரைவரைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

“சரி, விடுங்க. இனி நான்தான் பாடணும். எனக்குப் பாட வராது.”

அவள் பஸ் ஏறும்வரை பொறுத்திருந்துவிட்டு நெட் கடைக்கு ஓடினான். யார் அந்தப் பெரிய ஆள் என்று தேடிக்கொண்டே போனான். மாஸ்டர்! ‘போன் கெட்டுப்போனது, யாரும் செய்யாதீர்கள்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் நட்சத்திரம் உதிர்ந்துவிடாதா? ‘புதியவன்’ எழுதினான்: “அருமையான முறை. போன் பேசுகிறது. நன்றி.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் போனை வேறு எப்படிக் கழுவியிருக்கலாம் என்று ஒரு யோசனை இதற்குள் உங்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டதே, அதைச் சொல்லுமுன் ஒன்றே ஒன்று: உங்கள் போன் எப்போது பாலில் விழுந்தது?