திருநீற்று விரலும் வண்ணமீன் தொட்டியும்

பதிகம் ஓதத் தெரிந்தவனுக்கு மற்றவை ஓதாமலே விளங்கும் என்றொரு செருக்கு அடியார்களுக்கு உண்டு. (எனக்குச் சற்றுத் தூக்கலாகவே உண்டு.)

என் மருமகள் சுமதி, பார்த்த வேலையை விட்டுவிட்டு, விழிதியூரில் எங்கள் கொல்லையில் வண்ணமீன் வளர்க்கத் தொட்டி கட்டினாள். முதல் மீன்குஞ்சுகளை வாங்கக் காரைக்காலுக்குப் புறப்பட்ட அன்று, பி.எச். தாள்களை என்னிடம் தந்தாள்.

"மாமா, தொட்டித் தண்ணியில நனைச்சு, அட்டையில எந்த நிறத்தோட ஒத்துப்போவுதுன்னு பாருங்க. ஏழு நடுநிலை. கீழ போனா புளிப்பு, மேல போனா சுண்ணாம்பு மாதிரி காரம். ஒரு எண் கூடுனா பத்து மடங்கு. ஏழரைக்குப் பக்கத்துல இருந்தா போதும்."

நான் நீராடி, திருநீற்றைக் குழைத்து மேனியெங்கும் பூசி, ஓதிக்கொண்டே சென்று தாளைத் தோய்த்தேன். சுருண்ட நுனியை ஈர விரல்களால் நீவியும் விட்டேன். தாள் கருநீலமாயிற்று. எண் பத்து. ஏழினின்று மூன்று படி. ஆயிரம் மடங்கு காரம்! சுமதியின் தொலைபேசியோ எடுக்கப்படவில்லை. காரத்தைப் புளிப்பு முறிக்குமன்றோ? ஆண்டுக்கென்று வைத்திருந்த புளி முழுவதையும் கரைத்து ஊற்றினேன்.

"ஏங்க, வண்ணமீனுக்கா கொழம்பு கூட்டுறீங்க?" என்றாள் என் மனைவி.

சுமதி மீன்பைகளோடு வந்து, பழுப்பேறிய நீரைப் பார்த்தாள். தாளை நனைத்தாள். ஐந்து.

"பையில உள்ள காத்து பொழுது சாயிறவரைக்குந்தான் தாங்கும் மாமா," என்றாள் மெதுவாக. பின் என் கையைப் பிடித்து, புதுத் தாளொன்றை என் ஈர விரலில் ஒற்றினாள். கருநீலம்.

"தண்ணி நல்லாத்தான் இருந்துருக்கு. நீங்க திருநீறத்தான் அளந்துருக்கீங்க. அதுவும் சாம்பல்தானே, காரம்."

ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவளோ சேலையை இழுத்துச் செருகி, மதகைத் திறந்துவிட்டாள். மூவரும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மோட்டார் போட்டு மறுபடி நிரப்பினோம். மீன்கள் பைக்குள் வாய் பிளக்கத் தொடங்கியிருந்தன. அப்போதும் அவள் தாளை என்னிடமே நீட்டினாள்.

"கையக் கழுவிட்டு நீங்களே பாருங்க மாமா."

இளம்பச்சை. ஏழரை. ஒரு குஞ்சும் சாகவில்லை.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் என் மனநிலைக்கும் எண் உண்டு. விருந்தினர் என் அறைக்குள் நுழையுமுன் மனைவி எச்சரிப்பாள்: "இன்னைக்கு அஞ்சுல இருக்காங்க, பாத்துப் போங்க." சுமதி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, நான் எவ்வளவு சிடுசிடுத்தாலும், "எங்க மாமா ஏழுதான்," என்பாள்.