இருநூறு யானைகளும் வேப்பூர் மாடுகளும்

விருத்தாசலம்,
14.6.2006

அன்பு மிகுந்த அண்ணன் பழமலைநாதன் அவர்களுக்கு, தங்கை சிவசங்கரி வணங்கி எழுதுவது. இங்கு நான், அவர், காவியா மூவரும் சுகம். அண்ணியின் முழங்கால் சென்னை மாடிப்படிகளுக்குப் பழகியிருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, கூடத்தில் குவிந்திருக்கும் வேர்க்கடலைத் தோலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். அது ஏன் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

"இவ்ளோ மார்க் எடுத்த பொண்ணு லாரி ஆபீஸ் வேலைக்கா படிக்கணும்? நீயே எடுத்துச் சொல்லு" என்றீர்கள் போனில். காவியா ஆசைப்படும் சப்ளை செயின் படிப்பைத்தான் அப்படிச் சொன்னீர்கள். எடுத்துச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் போன வாரக் கதை.

சென்னையில் ஒரு கடைத் திறப்புக்கு இருநூறு பீங்கான் யானைகள், வெள்ளிக்கிழமை காலைக்குள் போய்ச் சேர வேண்டும். "ஒரு தந்தம் ஒடஞ்சாலும் அடுத்த ஆர்டரு கெடையாதாம்மா" என்றார் எங்கள் பீங்கான் கம்பெனி முதலாளி திருமால். களிமண் வந்தால் வண்ணம் வரவில்லை, வண்ணம் வந்தால் பெட்டி வரவில்லை, பெட்டியும் வந்தபிறகு பெட்டிக்குள் மெத்தையாக வைக்கத் திட்டக்குடி ஆராயி அக்கா வைக்கோல் அனுப்பினாள், அது இறங்கிய அன்றே மழை, நனைந்ததை ரோட்டில் காயப்போட்டால், ஏதோ கதிரடிக்கப் பரப்பியிருக்கிறோம் என்று நினைத்து எல்லா பஸ்ஸும் பெரிய மனதோடு அதன்மேல் ஏறி இறங்கிப் போனது, தப்பித்த வைக்கோலைப் பொறுக்கி யானைகளைப் பொதிந்து வியாழன் மதியம் மினி லாரியில் ஏற்றிவிட்டு ஒரு டீயை வாயில் வைக்கிறேன், டிரைவர் தங்கராசு வேப்பூரிலிருந்து போன்.

"அக்கா, பதறாதீங்க. மாடு தின்னுட்டுது."

"யானையையா?"

"யானை அப்படியே நிக்குதுக்கா. மெத்தையத்தான் தின்னுட்டுது. பஞ்சர் போட பெட்டிய கீழ எறக்கி வச்சேன்."

"நீ எங்க இருந்த?"

"பரோட்டா சாப்ட்டுட்டு இருந்தேங்க்கா."

"மாட்டுக்குப் பசிச்ச நேரந்தான் ஒனக்கும் பசிச்சுதா?"

பஸ் ஏறினேன். மாடு தொடாதது, தந்தத்தைத் தாங்குவது, இந்த நிமிஷமே கிடைப்பது எது என்று மண்டையைக் குடைந்துகொண்டு போனால், வழியில் ஒரு கடலை மில் வாசலில் தோல் மலையாகக் கிடந்தது. அங்கேயே இறங்கி எட்டு மூட்டை கட்டி அடுத்த பஸ்ஸை நிறுத்தினேன். "ஏம்மா, இது பஸ்ஸா, கூட்ஸ் வண்டியா?" என்றார் கண்டக்டர். "எதுவா இருந்தாலும் போயிச் சேரணுங்க" என்றேன். வேப்பூரில் மீண்டும் பொதியும்போது ஒரு மாடு வந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "மாடே வேணாங்குதுக்கா. சரக்கு பாஸ்!" என்றான் தங்கராசு.

வெள்ளி காலை சென்னையிலிருந்து செய்தி வந்தது. இருநூறு யானை, நானூறு தந்தம், ஒரு முனைகூடப் போகவில்லை. இனி எல்லாப் பெட்டிக்கும் கடலைத் தோல்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். கம்பெனிக் கொட்டகை ஒழுகுவதால் அது நம் கூடத்தில் இருக்கிறது.

அண்ணே, காவியாவின் கல்லூரித் தாளில் இந்தப் படிப்புக்கான வேலைகள் போட்டிருக்கிறது: கொள்முதல், கிடங்கு, போக்குவரத்து என்று ஆறு வேலைக்கு ஆறு படம், கோட்டுப் போட்ட ஆறு பேர். ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினேன். ஆறையும் பதினாறு வருஷமாக ஒரே நாற்காலியில் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் "பொட்டி கட்டுற வேலை" என்றுதான் நானும் சொல்லிவந்தேன். இனிமேல் சொல்ல மாட்டேன். எனவே காவியாவுக்கு நான் எடுத்துச் சொல்வதாக இல்லை.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராமல் நம் ஊர்ச் சாமி பழமலைநாதர் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கை,
சிவசங்கரி

பி.கு.: காவியா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "இதான் பொழப்புன்னா எனக்கு வேணாம்மா. மாமா சொன்ன மாதிரி கணக்கு படிச்சு டீச்சராவே ஆயிடுறேன்" என்கிறாள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அவள் வாங்கிவந்த விண்ணப்பம் மட்டும் வீணாகக் கிடந்தது. பின்பக்கத்தைத் திருப்பினேன்: தபால் வழியிலும் படிக்கலாம், வயது வரம்பு இல்லை. பெயருக்கான கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். அவருக்கும் தெரியாது, காவியாவுக்கும் தெரியாது. போனில் உளறிவிடாதீர்கள். சரக்கு போய்ச் சேரும்வரை வழியில் யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது.