எலெக்ட்ரிக்கல் லைன் மாப்பிள்ளை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும் என்பதுதான். எரியாவிட்டால் இன்னொரு முறை தட்டுவேன். அதற்கு மேல் என் படிப்பு போகவில்லை.

ஆனால் என் கல்யாண பயோடேட்டாவில், தொழில் என்ற இடத்தில், 'எலெக்ட்ரிக்கல் லைன்' என்று இருந்தது. எழுதியவர் என் அம்மா. அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு விளக்குக் கடையில் கொட்டேஷன் எழுதிக்கொண்டிருந்தேன். ஹாலுக்கு எது பொருந்தும், சாமியறைக்கு எது பொருந்தும் என்று மணிக்கணக்கில் பேசுவேன். விளக்கை மாட்டுவதற்கு வேறு ஆள் வருவார். "லைட்டுக் கடைன்னா எலெக்ட்ரிக்கல் லைன்தானேடா? நான் என்னா பொய்யா எழுதிட்டேன்?" என்பது அம்மாவின் வாதம். (மருந்துக் கடையில பெட்டி அடுக்குறவரும் அப்ப மெடிக்கல் லைன்தான்!) எனக்கும் அது கேட்க நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அதற்கு முன் மூன்று இடம் பார்த்து மூன்றும் தட்டிப்போயிருந்தது. வயது முப்பத்திரண்டு. நான்காவதாக வந்ததுதான் மேரு என்ற ஊரில் இருந்த புவனாவின் ஜாதகம். கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போட்டோவைப் பார்த்த நிமிடமே எனக்குப் பிடித்துவிட்டது. அன்றிரவு சாப்பாட்டை மறந்துவிட்டு அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடம் மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று வேண்டாத சாமி இல்லை.

பெண்ணின் அம்மா போனில் ஏகப்பட்ட நிபந்தனை போட்டார். "ரெண்டு பேரு மட்டும் வாங்க. பட்டுப் பொடவ வேணாம். தட்டு கிட்டு தெரியற மாதிரி எடுத்துட்டு வராதீங்க. எங்க ரோட்டுல எல்லாருக்கும் கண்ணு எங்க வாசல்லதான்." அவரைக் குறை சொல்ல முடியாது. ஏற்கெனவே இரண்டு வரன் வந்து பார்த்துவிட்டு ஒத்துவராமல் போனதில், தெருவே ஆறு மாதம் 'என்னாச்சு, என்னாச்சு' என்று கேட்டு அவரை அழவைத்திருக்கிறது. இந்த முறை எல்லாம் முடிவான பிறகுதான் மூச்சு விடுவது என்று இருந்தார். யாராவது கேட்டால், புவனாவின் அப்பாவுடைய பழைய ஆபீஸ் சிநேகிதர் குடும்பம் என்று நாங்கள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊரான செமினியிலிருந்து கிளம்பினோம். அம்மா சாதாரணச் சேலையில் இருந்தார். பழமும் வெற்றிலையும் சூப்பர்மார்க்கெட் பையில் ஒளிந்திருந்தன. மேருவில் காரை விட்டு இறங்குவதற்கு முன் அம்மா என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப் பையில் செருகினார். "இதப் போட்டா ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கே." நடந்த அத்தனைக்கும் பாதிக் காரணம் அதுதான் என்று இன்றும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்பதில்லை.

உள்ளே டீயும் முறுக்கும் வந்தன. புவனாவும் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடி இல்லாத என் கண்ணுக்கு இளஞ்சிவப்புச் சேலையில் ஓர் அழகான மங்கல் தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அவளுடைய அப்பா தொண்டையைச் செருமினார். "தம்பி எலெக்ட்ரிக்கல் லைன்னு போட்டிருந்துச்சி."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "ஆமாங்க. இவன் கை வெச்சா எதுவும் ஓடும்." (நான் கை வைத்து ஓடியது எதுவுமில்லை. ஓடிக்கொண்டிருந்தது நின்றது உண்டு.)

அங்கிளின் முகம் மலர்ந்துவிட்டது. "கார்ல ரேடியோ ரெண்டு மாசமா செத்துக் கெடக்கு தம்பி. வீட்டுல எந்நேரமும் ஆன்டியோட நாடகம். நான் பழைய பாட்டு கேக்கறது கார்ல மட்டும்தான். வர்க்‌ஷாப்புல முழு செட்டையும் மாத்தணுங்கறான். நீங்க கொஞ்சம் பாத்து விடுங்களேன்."

'எனக்குத் தெரியாது அங்கிள்' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த இளஞ்சிவப்பு மங்கல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. (மீசையில் ஒட்டியிருந்த முறுக்குத் தூளைப் பார்த்தாளாம். பிறகு சொன்னாள்.) எங்கள் கடைக்கு வரும் வயர்மேன்கள் எதற்கெடுத்தாலும் சொல்லும் ஒரு வாக்கியம் கைவசம் இருந்தது. அதை எடுத்து விட்டேன்.

"பியூஸாத்தான் இருக்கும் அங்கிள். அஞ்சு நிமிஷம்."

வேடிக்கை என்னவென்றால், அது சரி. அன்று காலை நான் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

கார் வீட்டு முன்னால் போர்ச்சில் நின்றது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். ரேடியோ உயிரில்லாமல் இருந்தது. அங்கிள் சத்தம் வருகிறதா என்று தினமும் திருகித் திருகி வால்யூமைக் கடைசி வரை வைத்திருந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே வண்ண வண்ணமாகக் குட்டிக் குட்டிப் பியூஸ்கள். விவரமுள்ளவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைப்பான். நான் எல்லாவற்றையும் பிடுங்கி, கழற்றிய மூடியையே தட்டாக்கி அதில் போட்டேன். பிறகு ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்து, "ம்... ம்..." என்றேன். அங்கிளும் பக்கத்தில் நின்று "ம்... ம்..." என்றார். பியூஸ் போயிருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்திருக்கும் என்பது எனக்குக்கூடத் தெரியும். கம்பிதான் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அங்கிள்" என்று திரும்பச் செருக ஆரம்பித்தேன். எது எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? கைக்கு வந்ததை, கண்ட ஓட்டையில், ஒரு உத்தேசமாகச் செருகினேன். கடைசிப் பியூஸ் உள்ளே போனதும் காரின் அலாரம் அலற ஆரம்பித்தது.

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மின்சாரம் போய்விட்டு வந்ததும், யாரோ தன்னைத் திருடுவதாக அந்தக் கார் முடிவு செய்திருக்க வேண்டும். பூட்டுகள் தாமாகவே டக்கென்று விழுந்தன. நான் வெளியே குதித்தேன். குதித்தவன் சும்மா இருந்திருக்கலாம். கதவை மூடினால் சத்தம் உள்ளேயே அடங்கிவிடும் என்று எந்த அறிவில் தோன்றியதோ, ஓங்கி அறைந்து சாத்தினேன். கார் கச்சிதமாகப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. அலாரத்தை நிறுத்தும் ரிமோட்டும் அந்தச் சாவியோடு உள்ளே.

"ஸ்பேர் சாவி எங்க?" என்று அங்கிள் கத்தினார்.

"பத்திரமா வெச்சேன்!" என்றார் ஆன்டி. பத்திரமாக வைத்தது எந்த வீட்டில் உடனே கிடைத்திருக்கிறது? புவனா தேடுவதற்கு உள்ளே ஓடினாள்.

கேட்டுகள் திறந்தன. எதிர்வீட்டுச் சீன அங்கிள் பனியனோடு நாயையும் பிடித்துக்கொண்டு வந்து, "அப்பா பசால்?" என்று மலாயில் விஷயம் கேட்டார். கேட்டுவிட்டு, "பேட்டரி சாபுட்லா!" என்றார். பேட்டரியைக் கழற்றச் சொல்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் பானெட்டைத் திறக்கும் பிடி பூட்டிய காருக்குள் இருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, தூக்கம் கலைந்து அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். கடைசியாக, மூலை வீட்டு பாக்கியம் ஆன்டி வந்தார். ஆறு மாதம் துக்கம் விசாரித்த கூட்டத்துக்குத் தலைவி அவர்தான். நேராக என் அம்மாவிடம் போனார்.

"நீங்க யாரு?"

பெண் வீட்டார் சொல்லிக்கொடுத்தபடி அம்மா, அலாரத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "ஆபீஸ்ல தெரிஞ்சவங்க!" என்றார்.

"என்னா? போலீஸ்ல தெரிஞ்சவங்களா?"

"ஆபீஸ்! ஆபீஸ்!"

"ஐயோ, எதுக்கு போலீஸ் வந்திருக்கு?"

போலீஸ் என்ற வார்த்தை கேட்டதும் இன்னும் இரண்டு கேட்டுகள் திறந்தன. அம்மா பதறிப்போனார். பெண் வீட்டு மானம் போய்விடுமே என்ற நல்ல எண்ணத்தில், அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்துக் கத்தினார். அதே நேரத்தில் புவனா மருந்து டப்பாவில் கண்டெடுத்த ஸ்பேர் சாவியோடு வந்து, காரைத் திறந்து, ரிமோட்டை அழுத்தினாள். அலாரம் நின்றது. அம்மா நிற்கவில்லை.

"பொண்ணு பாக்க வந்திருக்கோம்!"

தெரு முழுக்கக் கேட்டது. நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது. புவனாவின் அம்மா போர்ச்சில் கிடந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, "போச்சு" என்றார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அவர் அத்தனை கவனமாகக் காப்பாற்றி வைத்திருந்ததை, ஒரு வார்த்தை பெருமைக்காக நான் உடைத்துப் போட்டுவிட்டேன்.

புவனா பியூஸ் பெட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எலெக்ட்ரிக்கல்ல நீங்க என்னாதான் செய்றீங்க?"

"லைட்டுக் கடையில கொட்டேஷன் எழுதறேன்" என்றேன். "மாட்டத் தெரியாது. ரேடியோவும் தெரியாது. சாரி." பதினோரு பேரும் ஒரு நாயும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அப்பாவிடம் திரும்பி, வார்டில் நோயாளியைக் கேட்பது போலக் கேட்டாள். "எப்பலேர்ந்து பாடல?"

"ரெண்டு மாசமா. நாம கோயிலுக்குப் போயிட்டு வந்தோமே, அன்னிலேர்ந்து."

"அன்னிக்குக் கூடவே வேற ஏதும் நின்னுச்சா?"

"போன் சார்ஜரும் ஏறல. அது சார்ஜர் கோளாறுன்னு வேற வாங்கிட்டேன். அதுவும் ஏறல."

இரண்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். முதலில் புவனாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. (கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.) அடுத்து, நான் தட்டாகப் பயன்படுத்திய மூடியின் உட்புறத்தில், எந்தப் பியூஸ் எங்கே என்று படமே போட்டிருந்தது தெரிந்தது. அவள் படித்துச் சொல்லச் சொல்ல நான் மாற்றி மாற்றிச் செருகினேன். ரேடியோவுக்கும் சார்ஜர் செருகும் ஓட்டைக்கும் ஒரே பியூஸ். அதன் கம்பி அறுந்திருந்தது.

சார்ஜர் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஏதோ மின்னியது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, எதிர்வீட்டு அங்கிள் கொண்டுவந்து கொடுத்த மரக் குச்சிகளால், அவர் மீ நூடுல்ஸ் சாப்பிடும் அதே குச்சிகளால், பிடித்து இழுத்தாள். ஒரு கொண்டை ஊசி வந்தது.

தெருவே ஆன்டியின் கொண்டையைப் பார்த்தது.

"ரெண்டு மாசம்!" என்றார் அங்கிள்.

"தெரிஞ்சா போட்டேன்? கோயில்லேர்ந்து வரும்போது எங்கியோ விழுந்துருச்சின்னு நெனச்சேன்" என்றார் ஆன்டி. அங்கிள் இன்றுவரை அதை முழுதாக நம்பவில்லை.

மூடியிலேயே ஒரு உபரிப் பியூஸ் இருந்தது. நான் செருகினேன், அவள் சாவியைத் திருப்பினாள். கடைசி வரை திருகி வைத்த வால்யூமில் ஒரு பழைய காதல் பாட்டு தெருவை உலுக்கியது. மலாய்க்கார அக்காவின் குழந்தை இன்னொரு சுற்று அழுதது. அங்கிள் சத்தத்தைக் குறைக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பல்லவி முடியும் வரை நின்றார்.

பாட்டு முடிந்ததும் பாக்கியம் ஆன்டி எல்லோர் முன்னாலும் கேட்டார். "அப்ப முடிவாயிருச்சா?"

போனில் சொல்கிறோம் என்று நழுவ வழியே இல்லை. ஆன்டி அங்கிளைப் பார்த்தார். அங்கிள் புவனாவைப் பார்த்தார். புவனா கொண்டை ஊசியைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"டீ ஆறிப்போயிருக்கும். உள்ள வாங்க, வேற போட்டுத் தரேன்."

பாக்கியம் ஆன்டி கை தட்டினார். தெருவும் தட்டியது. கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள், என்னிடம் என்ன பிடித்தது என்று கேட்டேன். "முன்னாடி வந்தவங்களும் பொய்தான் சொன்னாங்க. நீங்க மாட்டிக்கிட்டதும் உண்மையச் சொல்லிட்டீங்க. சமாளிக்கத் தெரியாத ஆளு, வீட்டுக்கு நல்லது" என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன தீபாவளிக்கு மாமனார் வீட்டு வாசலில் கட்டியிருந்த அலங்கார விளக்கு பாதியில் அணைந்துவிட்டது. என்னவென்று பார்க்கலாமே என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். அடுப்படியிலிருந்து மாமியார் கரண்டியோடு ஓடி வந்தார். எதிர்வீட்டு அங்கிள் தானாகத் திறக்கும் தன் ஆட்டோ கேட்டின் ரிமோட்டைப் பாக்கெட்டுக்குள் தள்ளினார். மாமனார் என் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். "மாப்ள, நீங்க அசையக் கூடாது. எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

விருந்துக்கு வந்திருந்த என் கடை நண்பன் வாயைப் பிளந்தான். "மாமனார் வீட்டுல உனக்கு இவ்ளோ மரியாதையா?"

என் ஆறு வயது மகள் முறுக்கைக் கடித்துக்கொண்டே அவனுக்கு விளக்கினாள்.

"மரியாத இல்ல அங்கிள். பயம்."