உடும்பு ஒட்டிய ராஜா படம்

ஒரு காட்டில் தாலுகா ஆபீஸ் ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்கு ஆபீஸ் என்று கேட்பவர்கள், தன் தலையில் இருக்கும் கொம்பு தன்னுடையதுதான் என்று சான்றிதழ் வாங்க மான் மூன்று மாதம் நடந்ததைப் பார்க்காதவர்கள்.

ஆபீஸுக்குப் புதுக் கட்டடம் வந்தது. தடுப்புச் சுவரெல்லாம் ஜிப்சம் போர்டு. மேலே பெயிண்ட் அடித்திருந்ததால் பார்வைக்குச் சுவர், முட்டினால் அப்பளம். ஹாலின் இரண்டு பக்கமும் தன் படம் பெரிதாக வேண்டும் என்றார் சிங்கராஜா. ஸ்டிக்கர் தொழிலில் இருந்தவர்கள் இரண்டே பேர்: உடும்பு ஏகாம்பரம், பல்லி பாக்கியம். ஆளுக்கொரு சுவர்.

"யார் ஒட்டினது வருஷம் முழுக்க நிக்குதோ, காட்டுல இருக்கற அத்தனை ஆபீஸ் வேலையும் அவங்களுக்கு. இன்னொருத்தர் கடையை மூடிட்டுப் போகலாம்" என்றார் ராஜா.

ஏகாம்பரத்தின் வீட்டில் எட்டு முட்டை பொரியக் காத்திருந்தன. கடை போனால் குஞ்சுகள் என்ன சாப்பிடும்?

சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "பெயிண்ட் உள்ளே இன்னும் காயலைங்க. மூணு வாரம் விடணும்."

ஹெட்கிளார்க் ஆமைக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு வாரமா? வெள்ளிக்கிழமை திறப்பு விழாய்யா! வேகம் வேணும், வேகம்!" சொல்வது யார் பாருங்கள்.

ஏகாம்பரம் அசையவில்லை. திறப்பு விழாவன்று தன் சுவரைத் திரை போட்டு மூடினார். மூன்று வாரம் கழித்துச் சுவரைத் துடைத்தார், பிரைமர் அடித்தார், கெட்டியான வினைல் பிளாஸ்டிக் தாளில் படத்தை அச்சடித்து மேலே லேமினேஷன் போட்டார். இருப்பதிலேயே பலமான பசையால் ஒட்டி, ஓரங்களைச் சூடு காட்டி அழுத்தினார். பாக்கியமோ காயாத பெயிண்டின் மேலேயே மெல்லிய ஸ்டிக்கரை அப்பிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

"விழுந்துடுமேம்மா?" என்றார் ஏகாம்பரம்.

"நானே சுவத்துலேருந்து விழறவதானே அண்ணே. விழுந்தா விழட்டும்."

மழைக்காலம் வந்தது. பாக்கியத்தின் ராஜாவுக்கு முதலில் ஒரு காது மடங்கியது, பிறகு மீசை தொங்கியது. மனு கொடுக்க வந்த முயல்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. ஏகாம்பரத்தின் ராஜாவை அணில் கீறியது, குரங்கு காப்பியை ஊற்றியது. ஈரத்துணியால் துடைத்ததும் பளிச்!

"சபாஷ்! இந்த மழையிலயே நின்னுடுச்சு, வருஷம் முழுக்கப் பார்க்கறது எதுக்கு? அடுத்த வாரம் ஆர்டர் உனக்குத்தான்" என்றார் ராஜா. ஏகாம்பரம் வீட்டுக்கு ஓடி மனைவியிடம் சொல்லும்போது சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

மறுநாள் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். ராஜாவுக்கு எதற்குத் தேர்தல் என்று என்னைக் கேட்காதீர்கள், சட்டம் அப்படி.

தேர்தல் அதிகாரி கழுகு வந்திறங்கியது. "நடத்தை விதி அமலுக்கு வந்தாச்சு. மூணு மணிக்குள்ள ராஜா படம் எந்தச் சுவத்துலயும் இருக்கக் கூடாது!"

ஆமை ஒரு தும்மல் போட்டது. பாக்கியத்தின் படம் தானாகச் சுருண்டு விழுந்தது. "தொழில் தெரிஞ்சவங்க" என்று கழுகு குறித்துக்கொண்டது.

ஏகாம்பரத்தின் படத்தைக் கரடி இழுத்தது; வரவில்லை. காகிதம் ஒட்டி மறைக்கப் பார்த்தார்கள். லேமினேஷன் மேல் காகிதம் நிற்காமல் வழுக்கி விழுந்தது. கடைசியில் ஏகாம்பரத்தையே இழுக்கச் சொன்னார்கள். பாவம், இழுத்தார். படத்தோடு போர்டே பெயர்ந்து வந்தது. சுவரில் சிங்கத்தின் அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் சிங்கராஜாவும் எதிர்க்கட்சி யானையும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸே விட்டத்தைப் பார்த்தது.

தேர்தலில் யானை ஜெயித்தது. அத்தனை ஆர்டரும் பாக்கியத்துக்குப் போனது.

ஏகாம்பரம் ஆமையிடம் போய்க் கதறினார். "மழையில நின்னுச்சு, கீறினப்பவும் நின்னுச்சு. நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"நின்னுச்சே, அதுதான்யா தப்பு" என்றது ஆமை.

பெயர்ந்த போர்டைப் பழைய ராஜா குகைக்குத் தூக்கிப்போய்விட்டார். காலையில் எழுந்ததும் அதற்கு ஒரு வணக்கம் வைக்கிறாராம். எட்டு முட்டையும் பொரிந்து, எட்டும் நன்றாகச் சாப்பிடுகின்றன. அதனால் ஏகாம்பரம் இப்போது பாக்கியத்திடம்தான் வேலை பார்க்கிறார். புது ராஜா படங்களை ஒட்டி முடித்ததும் மூலைகளை லேசாக நெகிழ்த்திவிடுவது அவர் பொறுப்பு. அதையும் ரொம்பச் சுத்தமாகச் செய்கிறார்.

நீதி: பசை வாங்கும்போது சுவரைப் பார்க்காதே, நாற்காலியைப் பார்.